வெளுத்த ஈறு செவந்தது

"மாதாவே, இந்தப் பல்லையும் எடுத்துக்கப் போறியா?" போன வருஷம் தவக்காலத்துல கண்ணாடி முன்னாடி நின்னு அழுதேன். அழக்கூட வாயைத் தொறக்க முடியல.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். என் பேரு ஸ்டெல்லா. காசிமேட்ல மீன் விக்கிறேன். வூடு வூடாக் கூடி ஜெபிக்கிற நம்ம அன்பியத்துல ஜெபமாலை சொல்லிக் குடுக்கிறதும் நான்தான். யாராவது ஒரு மணியை வுட்டுட்டா போதும், "இன்னாம்மா, தூங்கிகினே சொல்றியா?"ன்னு அங்கியே கேட்டுடுவேன். அப்பேர்ப்பட்ட வாய்க்குத்தான் இந்தச் சோதனை வந்துச்சு.

ஐஸ் தண்ணியில வழுக்கி வுழுந்து முன்பல்லு போச்சு. எலும்புல திருகாணி மாதிரி ஒண்ணை எறக்கி, அதுமேல புதுப் பல்லு வச்சாங்க. இம்ப்ளாண்ட்டுன்னு சொல்லுவாங்க. கொஞ்ச காலம் ஜோரா சிரிச்சிகினு இருந்தேன். அப்புறம் அந்தப் பல்லைச் சுத்தி ஈறு எறங்கிப்போயி உள்ள இருக்கிற இரும்பு தெரிஞ்சுது. பிரஷ்ஷு பட்டா உசுரு போவுது. பயந்துகினு தேய்க்காம வுட்டேன், சீழ் வெச்சுது.

வண்ணாரப்பேட்டையில பாக்குற டாக்டரம்மா பாத்துட்டு, "பல்லைச் சுத்தி கெட்டியான சதையே இல்லம்மா. உங்க மேலண்ணத்துல இருந்து கொஞ்சம் எடுத்து இங்க வச்சுத் தைக்கணும். உங்களுக்கு சுகர் வேற இருக்கு. ஒட்டலன்னா பல்லைக் கழட்டுறதைத் தவிர வழியில்ல"ன்னாங்க. வேற இன்னா பண்றது? சரின்னு வாயைத் தொறந்தேன்.

தைச்சு அனுப்பும்போது, "உதட்டைத் தூக்கிப் பாக்காதீங்க, கை வைக்காதீங்க, பேச்சைக் கொறைங்க"ன்னு சொன்னாங்க. ஆறின கஞ்சிதான் சாப்பாடு. மேல புண்ணு, முன்னால தையலு, நடுவுல நாக்கு மட்டும் சும்மா கெடந்துச்சு.

குருத்தோலை ஞாயிறு வந்துச்சு. தெருவுல எல்லாரும் ஓலையைத் தூக்கிகினு பாடிகினே போறாங்க. நான் வூட்ல ஒண்டியா உக்காந்திருக்கேன். மனசு கேக்கல. உதட்டைத் தூக்கிப் பாத்துட்டேன்.

வச்ச சதை வெள்ளை வெளேர்னு கீது.

ஐயோ! காலம் பூரா செவுளைத் தூக்கிக் காட்டி மீன் வித்தவ நான். செவப்பா இருந்தா நல்ல மீனு, வெளுத்திருந்தா கெட்டுப்போன மீனு. இதை யாராச்சும் எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? செத்துப் போச்சு, அழுகப் போவுது, வெஷம் ஏறிடும்னு முடிவே பண்ணிட்டேன். பிச்சுப் போட்டுடலாம்னு விரலை வாய்க்குள்ள வுட்டேன்.

அப்பதான் எங்க வூட்டுக்காரரு அந்தோணி உள்ள வந்தாரு. ஹார்பர்ல கண்டெய்னர் லாரி ஓட்டுறவரு. பூசைக்கு வந்தாகூட வாசல்லயே நின்னுட்டுத் திரும்புற மனுஷன்.

"ஏய், இன்னா பண்ற நீ?"ன்னு கையைப் புடிச்சுட்டாரு.

"செத்துப் போச்சுயா, வெளுத்துப் போச்சு"ன்னேன். பாதி வார்த்தை வாயிலயே நின்னுடுச்சு. அவரு டாக்டரம்மாவுக்கு போன் போட்டாரு, போட்டுகினே இருந்தாரு. எடுக்கல. ஆஸ்பத்திரி லீவு. அவருக்கும் ஒண்ணும் புரியல, எனக்கும் புரியல. திடீர்னு மாதா படத்துக்கு முன்னால முட்டி போட்டாரு. ஒரு கையில என் ஜெபமாலை. இன்னொரு கையில என் கை. வுடவே இல்ல.

"அருள் நிறைந்த மரியே..."

எத்தினி சொன்னாருன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். பத்து தடவை சொல்லி முடிஞ்சும் நிறுத்தல. நடுவுல பரலோக மந்திரத்தை மறந்துட்டாரு. இயேசு பாடுபட்டதைச் சொல்ற துக்க மறையுண்மையும் அவரு பொறந்ததைச் சொல்ற மகிழ்ச்சி மறையுண்மையும் ஒண்ணாக் கலந்துடுச்சு. திருத்தணும்னு எனக்குத் தொண்டை வரைக்கும் வருது, வாயைத் தொறக்க முடியல. கையையும் இழுக்க முடியல. "தாயே, இந்த மனுஷன் தப்புத் தப்பாச் சொல்றதையாவது கேளு"ன்னு மனசுக்குள்ள அழுதேன். என்னால முடிஞ்சது அவ்ளோதான்.

மறுநாள் நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா பாத்தாங்க. "இது வெளுக்கத்தான் செய்யும். மேல் தோலு உரிஞ்சு போவும். அடியில ரத்த ஓட்டம் வந்துகினு இருக்கு. நேத்து பிச்சிருந்தீங்கன்னா எல்லாம் கையோட வந்திருக்கும்"ன்னாங்க. நான் அவரைப் பாத்தேன். அவரு தரையைப் பாத்துகினு நின்னாரு.

அடுத்த ஞாயிறு ஈஸ்டரு, உயிர்ப்புப் பெருவிழா அன்னிக்கு உதட்டைத் தூக்கிப் பாத்தேன். செவப்பு! ஒரு ஓரத்துல இருந்து ரத்தச் செவப்பா ஏறிகினு இருந்துச்சு. எங்க மார்க்கெட்ல வெளுத்த செவுளு மறுபடி செவந்ததை நான் பாத்ததே இல்ல. செத்ததுக்கு அது நடக்காது. எனக்கு நடந்துச்சு. இன்னிக்கு இரும்பை மூடிகினு கெட்டியா ஒட்டிகினு கீது.

கும்பிட்டு நிக்கிறவங்களே, உங்க வூட்லயும் ஏதாச்சும் வெளுத்துப் போயிருக்கும். புள்ளையா இருக்கலாம், ஒடம்பா இருக்கலாம். கண்ணுல பட்டதை வச்சுத் தீர்ப்பு எழுதிடாதீங்க. பிச்சுப் போட்டுடாதீங்க. அடியில ஆண்டவரு இன்னா பண்ணிகினு இருக்காருன்னு நமக்குத் தெரியாது.

இப்ப ஜெபமாலை சொல்லலாம். இன்னிக்கு நான் சொல்லல, எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. எண்ணிக்கை தப்பும். யாரும் திருத்தாதீங்க.