படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?

கம்பெனிக்குத் திடீரென்று நம் உடம்பின் மேல் அக்கறை வந்தால் நான் பயப்படுவேன். போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு அப்படி ஓர் அக்கறை வந்தது. வேலை தொடங்குமுன் கால் மணி நேரம் எல்லோரும் உடற்பயிற்சி செய்ய வேண்டும், அதற்கு முன் உடல்நிலை பற்றி ஆளுக்கொரு பாரம் நிரப்பித் தர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். டீயும் சுண்டலும் உண்டு என்று கீழே போட்டிருந்தது. சுண்டலைப் பார்த்ததும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

நான் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவன் இல்லை. என் மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். மாவு பாக்கெட்டில் தேதியை மூன்று தடவை பார்க்கிற மனுசன் என்பாள். ஆனால் நான் மில்லில் இருந்தவன். அங்கேயும் ஆள் குறைப்பதற்கு முன்னால் ஒரு பாரம்தான் வந்தது. இருமல் இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று பாசமாகக் கேட்டார்கள். உண்மையை எழுதினவர்கள் முதல் பட்டியலிலேயே வெளியே போனார்கள். அதில் நானும் ஒருவன்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு சின்னப் பெண் வந்தார். பிசியோதெரபி படித்தவராம். முதல் நாளே அவர் சொன்னது எனக்கு ஆகவில்லை.

"நீங்க நாள் பூரா தூக்குறீங்க, எறக்குறீங்க. ஆனா அதுவும் உடற்பயிற்சியும் ஒண்ணு இல்லன்னு இப்ப ஆராய்ச்சியில சொல்றாங்க சார். வேலையில மணிக்கணக்கா இதயம் வேகமா அடிச்சிக்கிட்டே இருக்கும், ஓய்வே கெடைக்காது. நாமளா நேரம் ஒதுக்கி நடந்தா அப்படி இல்ல. கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம் எறங்கும். அதுலதான் அது பலமாகும்."

எனக்கு வந்ததே கோபம். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்கள் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு நடந்தால் அது உடற்பயிற்சி. நான் முதுகு ஒடிய லாரி லாரியாக அட்டைக் கட்டு ஏற்றினால் அது ஒன்றுமே இல்லையா? இந்த ஆராய்ச்சிக்காரர்களை எனக்கு டீக்கடைப் பேப்பரில் நன்றாகத் தெரியும். பத்தாயிரம் அடி நட என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து, அவ்வளவு வேண்டாம், குறைத்து நடந்தாலும் போதும் என்பார்கள். சாப்பிட்டதும் நட என்று ஒரு செய்தி, லீவு நாளில் மட்டும் செய்தாலும் பலன் உண்டு என்று இன்னொன்று. உட்கார்ந்தே இருப்பது ஆபத்து என்று ஒருநாள் போட்டிருந்தான். எங்களை யார் உட்கார விட்டார்கள்? யாரோ எதையோ விற்கப் பார்க்கிறார்கள் என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து தினமும் என்னோடு சைக்கிளில் வரும் கூட்டாளி ஒருவன் இருந்தான். பக்கத்துத் தெரு, என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் மனைவி மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அந்தச் சமயம் சில வாரங்களாகவே அவன் கருவடிக்குப்பம் தாண்டுவதற்குள் இறங்கிச் சைக்கிளைத் தள்ள ஆரம்பித்திருந்தான்.

"நெஞ்ச இறுக்கிப் புடிக்குதுண்ணா. கொஞ்சம் நின்னா சரியாயிடுது" என்றான்.

நானும் இறங்கி அவனோடு தள்ளினேன். வாயுவாக இருக்கும் என்று சொன்னதும் நான்தான்.

பாரம் கொடுத்த அன்று அவன் கண்ணாடியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தான். "நீயே எழுதிடுண்ணா" என்று என்னிடம் நீட்டினான். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? வேலை செய்யும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வருவதுண்டா?

"வருதுன்னு போடலாமாண்ணா? அந்தப் பொண்ணப் பாத்தா நல்ல பொண்ணாத்தான் தெரியுது."

"பைத்தியமாடா ஒனக்கு? ஆமான்னு போட்டா அடுத்த மாசம் கேட்டுக்கு வெளிய நிப்ப. மில்லுல நான் பாக்காததா?"

அவன் பேனாவை என்னிடம் நீட்டினான். பிறகு, "ஒனக்குத் தெரியாததா. நீ போடுறதப் போடு" என்றான்.

இரண்டிலும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஆமாம் என்று எழுதின நான்கு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈசிஜி எடுத்தார்கள். ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதில் ஒருவருக்கு உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலைகூடக் கொடுத்தார்கள். என் கூட்டாளி அதை என்னிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"இப்ப குடுப்பான். ஒரு மூணு மாசம் போவட்டும், அப்பறம் பாரு" என்றேன்.

ஒருநாள் காலை கையை உயர்த்திக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் அவன் அருகில் வந்து நின்றார். "சார், மொகம் வேர்த்துக் கொட்டுதே. ஒங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். "ஒண்ணும் இல்ல மேடம்" என்றான்.

அதற்கடுத்த வாரம் லாரியில் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அந்தப் பெண்தான் ஓடி வந்து படுக்கவைத்தார், கம்பெனி வண்டியை வரவழைத்தார். உயிர் தப்பினான். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது, இனி கனம் தூக்கவே கூடாது, வலி தொடங்கியபோதே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

அவன் மனைவி மார்க்கெட்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"அந்தப் பொண்ணு பாரத்தக் காட்டுச்சுண்ணா. எல்லாத்துலயும் இல்ல, இல்லன்னு போட்டு வச்சிருக்காரு. கேட்டவங்களயும் ஏமாத்தி, என்னயும் ஏமாத்திட்டாரே. ஒங்ககிட்டயாவது ஒரு வார்த்த சொன்னாராண்ணா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் கூட இருந்ததால்தான் இந்த அளவாவது ஆயிற்று என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உலகத்தில் ஒருவரையும் நம்பாத என்னை அவள் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை.