பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் கம்பெனியின் முக்கூடல் கிளையில் வாசலுக்கு நேராக ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. பத்து நிமிடம் முந்தி ஓடும். ஆட்கள் நேரத்துக்கு வரட்டும் என்று மேனேஜர் அண்ணாச்சி கூட்டி வைத்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் கம்பெனி ஜீப் ஓட்டினேன். வண்ணார்பேட்டை தலைமை ஆபீஸ், சேரன்மகாதேவி, முக்கூடல் மூன்றிலும் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்குள் யார் நுழையலாம் என்ற பெயர்ப்பட்டியல் மூன்று இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் டெலிபோன் லைன் வழியாக மற்ற இடங்களுக்கும் போய்விடும். ஒரே பெயரை இரண்டு இடத்தில் மாற்றினால், எந்த மாற்றத்தில் மிஷின் பிந்திய மணியைப் போட்டிருக்கிறதோ அதுதான் நிற்கும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட சிஸ்டம் சார் ஜீப்பில் வரும்போது சொன்னது.

ஒருநாள் ஸ்டோர்க்காரர் ஒருவரை முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். அவர் இனி கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாதபடி சார் வண்ணார்பேட்டையில் அவர் பெயரைப் பூட்டினார். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான், விஷயம் தெரியாத அண்ணாச்சி பாஸ்வேர்டு தப்பாகிப் பூட்டிக்கொண்ட அதே பெயரை முக்கூடலில் திறந்துவிட்டிருந்தார். மறுநாள் பார்த்தால் எல்லா இடத்திலும் பெயர் திறந்து கிடக்கிறது. சார் அந்த ஆளுக்கு உடந்தை என்று முதலாளி நினைத்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள காரணம் சொல்லும். இல்லன்னா நீரும் கெளம்பும்."

சார் உடனே ஜீப்பில் ஏறினார். முக்கூடலில் திரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மிஷின்ல மணிய மாத்துனது யாரு?"

"நாந்தான். சுவத்துல ஒண்ணு, மிஷின்ல ஒண்ணுன்னா நம்ம ஆளுவ எதவே நம்புவானுவ?" என்று சிரித்தார்.

சார் விளக்கினார். முந்தித் திறந்தது முக்கூடல். ஆனால் மிஷின் போட்ட மணியில் அதுதான் பிந்தியது. அண்ணாச்சி சிரிப்பை நிறுத்தினார். நேரே போனை எடுத்தார்.

"மொதலாளி, சிஸ்டம் தம்பி மேல தப்பில்ல. மணியில கை வச்சது நாந்தான்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, நின்றுகொண்டே கேட்டார்.

சார் மணியைப் பின்னுக்கு வைத்தார். ஆனால் யாரையும் மிஷினைத் தொட விடவில்லை. இன்றைக்கு அது ஏற்கெனவே முந்திப் போட்டுவிட்ட மணியை நிஜ மணி வந்து பிடிக்க வேண்டுமாம்; இல்லாவிட்டால் புது மாற்றம் பழசாகிவிடுமாம். டீ வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"பத்து நிமிசம் இம்புட்டு நீளமாவே?" என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு சார் மறுபடி பூட்டினார். பூட்டு நின்றது. சார் வேலையும் தப்பியது.

இப்போது கைபேசி தானாகவே மணியைச் சரிசெய்துகொள்கிறது. போன மாதம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கம்பெனி மூடியபோது எடுத்துவந்த அதே கடிகாரம் சுவரில் ஓடுகிறது. கைபேசியோடு ஒத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் முந்தி.

அவர் கவனித்துவிட்டார்.

"இது யாருக்கும் மணி சொல்லி அனுப்பாதுவே. பைய ஓடிட்டுப் போவட்டும்."