வேலையில்லாதவர் இல்லாத ஊர்

முருகேசன் தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அண்ணி, இப்பதான் லேத்தை அண்ணன்கிட்ட விட்டுட்டு கை கழுவிட்டிருந்தேன். அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். அழுதுகொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போன செய்தி எனக்கு அப்படித்தான் வந்தது.

பெங்களூர் பீன்யாவில் அவரோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, இன்று அவருக்காகக் கூடியிருக்கும் நீங்கள் அவரை லேத்தில்தான் பார்த்திருப்பீர்கள். நான் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனியை மூடிய பிறகு அவர் வெளியே போவதையே விட்டுவிட்டார். "இப்ப எங்க வேலைன்னு கேப்பாங்கடி" என்பார். மகள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அதில் ஓர் ஆட்டம் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காலத்துக் கிரேக்க தேசத்தில் நாமே ஓர் ஊரைக் கட்ட வேண்டும். வீடு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய்ச் செக்கு, கோயில் எல்லாம் உண்டு. ஒருநாள் கடல்சாமி கோபித்துக்கொண்டு கப்பலை உடைத்துவிட்டது என்றார். நான் பயந்துபோய் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினேன். "அந்தச் சாமிக்குக் கற்பூரம் தெரியாதுடி" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ஊரில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று அந்த ஆட்டம் காட்டும். அது அவருக்குப் பொறுக்காது. அவர்களுக்கு வேலை கொடுக்க, தேவையே இல்லாமல் இன்னொரு செக்கு வைப்பார். கஜானா காலியாகி ஆட்டம் தோற்கும்.

"அப்பா, கொஞ்சம் பேரு சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. இது கேம்!" என்பாள் மகள்.

"தோத்தா தோக்கட்டும். நீ சும்மா இருந்து பாத்திருக்கியா?"

பிறகு ஒரு சின்ன லேத் ஷெட்டில் இவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் கம்பெனியிலேயே இருந்த முருகேசனும் அப்போது வேலையில்லாமல் இருந்ததால் அவரையும் அழைத்துக்கொண்டு போனார். "ஒப்ரு சாக்கு, ஒருத்தர் போதும்" என்றாராம் கன்னடக்கார ஓனர். "ஒரு ஆள் சம்பளமே குடுங்க சார். இவன் காலையில, நான் மத்தியானம்" என்று பேசி முடித்துவிட்டு வந்தார்.

"அரைச் சம்பளத்துக்கு அரைச் சோறுதான் போடுவேன்" என்றேன்.

"போடு, தொப்பை குறையும்."

மறுநாள் அயர்ன் பண்ணின சட்டையோடு தெருவில் இறங்கினார். திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காரியம் முடிந்ததும் முருகேசனை முழு நாளும் வரச் சொல்லிவிட்டார் ஓனர். முருகேசன் என்னிடம் வந்து, "அண்ணி, மத்தியானத்துக்கு நம்ம பழைய கம்பெனி சேகரைக் கூப்பிடட்டுமா? அவன் இன்னும் வேலையில்லாம வீட்டுலதான் இருக்கான்" என்று கேட்டார்.

"கூப்பிடுங்க தம்பி" என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் எனக்கு விட்டுவிட்டுப் போனது அந்தப் பதில்தான்.