கோபால்ட் அறைக்குப் பின்னால் ஒரு மனை

1. சுவரைப் பார்த்த அன்று

சிதம்பரத்தில் ஒரு வீட்டுமனையைப் பார்வையிடப் போன இடத்தில்தான் அந்தச் சுவர் கண்ணில் பட்டது. மனையின் எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு வண்டி போகிற வழி மட்டும் விட்டு, ஜன்னலோ காற்றுத்துளையோ பூச்சோ இல்லாமல் வெறும் கான்கிரீட்டாக நின்றது. அதன் நிழலே மனையில் பாதியை மூடியிருந்தது.

2008 என்று நினைவு. நான் அப்போது கடலூரில் நகரமைப்பு மேற்பார்வையாளர். யார் எங்கே எதைக் கட்டலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மனைக்குச் சொந்தக்காரர் மெஹருன்னிசா, பரங்கிப்பேட்டைக்காரர். கணவர் சவுதியில் வேலை பார்த்தார். பெண்பிள்ளைகளின் படிப்புக்காகச் சிதம்பரத்திலேயே வீடு கட்டிக் குடிவர நினைத்திருந்தார்கள். அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு என்பதால் கோப்பு நகராட்சியோடு முடியாமல் எங்களிடம் வந்திருந்தது.

"இது என்னங்க சுவரு?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிங்க மேடம். கேன்சருக்குக் கரண்டு வெக்கிற மிஷின் வரப்போவுதாம். வந்தா நல்லதுதான். எங்க அக்காவ டெய்லி பாண்டிக்கி பஸ்ல கூட்டிக்கிட்டு அலைஞ்சது எனக்குத்தான் தெரியும்." பிறகு சுவரைப் பார்த்த பக்கத்தைக் காட்டினார். "நாங்க படுக்குற ரூமு இங்க வருது. வெயிலு படாது பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்."

கதிர்வீச்சுச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் கரண்டு வைப்பது என்பார்கள். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளை இயந்திரத்துக்குள் கனமான கவசத்தில் அடைத்திருப்பார்கள். சிகிச்சை நேரத்தில் மட்டும் வழியைத் திறந்து நோயாளிமேல் கதிரைப் பாய்ச்சுவார்கள். அதனால்தான் அறைக்கு அத்தனை தடிமனான சுவர். எனக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான். ஆனாலும் அவர் படுக்கிற ரூம் என்று சொன்னது சுருக்கென்று உறைத்தது.

2. நிற்பதை மட்டும் வரைவது

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இடத்தைப் பார்வையிடும்போது நான்கு பக்கமும் அன்றைக்கு என்ன நிற்கிறதோ அதை மட்டும்தான் வரைவோம். கிணறு இருந்தால் கிணறு, கொட்டகை இருந்தால் கொட்டகை. நாளைக்கு அங்கே என்ன வரும் என்பதை அந்த மனைக்காரர் விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்வோம். வீடு, கடை, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் இது சரிப்பட்டு வந்தது. நான் கடலூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அப்போதும் அதே வழக்கம்தான். பின்பக்கம் எருக்கஞ்செடி மண்டிக் கிடந்திருக்கிறது, காலியிடம் என்று வரைந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் ஜோசப் என்ற இளைஞர். நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"சுவருக்கு அந்தாண்ட ஆளுங்க எவ்ளோ நேரம் இருப்பாங்கங்கறத வெச்சுத்தான் மேடம் தடிமன் கணக்கு போடுவோம். அப்ரூவ் ஆன பிளான்ல பின்னாடி காலியிடம். எப்பவாச்சும் ஆளு நடமாடுற இடம்னு போட்டு மும்பைல இருக்குற அணுசக்தி போர்டுக்கு அனுப்புனோம். அவுங்களும் ஓகே பண்ணிட்டாங்க."

"அங்க ஒரு குடும்பம் ராத்திரி பகலா குடியிருந்தா?"

அவர் மழுப்பவில்லை. "அப்ப இந்தச் சுவரு பத்தாது மேடம். நல்ல வேளை, சோர்ஸ் இன்னும் வரல."

சோர்ஸ் என்றால் கோபால்ட். அது வந்து இறங்கிய பிறகு என்றால் சுவரில் கைவைப்பது லேசில் நடக்காது. மும்பைக்காரர்கள் எங்கள் வரைபடத்தை நம்பியிருக்கிறார்கள். நாங்களோ கதிரியக்கம் எல்லாம் மும்பை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் மெஹருன்னிசா கட்டில் போடவிருந்தார்.

3. யார் நகர்வது

எங்கள் துணை இயக்குநரிடம் விஷயத்தைக் கொண்டுபோனேன். நல்ல மனிதர்தான், ஆனால் வம்பு என்றால் காத தூரம் ஓடுவார்.

"ஏம்மா கலைச்செல்வி, இதுக்குப் போயி மண்டைய ஒடச்சுக்கிற? அந்த மனையே அங்கீகாரம் இல்லாதது. வூட்ட ரிஜெக்ட் பண்ணிடு. ரூல்ல இடம் இருக்கு."

இருந்தது. ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும். எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். கட்டியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர், மனையை விட்டுக்கொடுப்பது மட்டும் மூன்றாவது ஆளா? கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

கடைசியில் டாக்டர், ஜோசப், மெஹருன்னிசா மூவரையும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வரச் சொன்னோம். டாக்டர்தான் ஆஸ்பத்திரியின் முதலாளி. வந்ததும் வெடித்தார்.

"சுவர மறுபடி கட்டச் சொல்றீங்களா? மிஷின் லேட்டாவற ஒவ்வொரு மாசமும் ஜனங்க பாண்டிக்கும் மெட்ராசுக்கும் அலையுறாங்க மேடம். முடியாம நடுவுலயே ட்ரீட்மென்ட்ட விட்டுட்றாங்க. ஒரு வீடா, இத்தினி உசுரா? நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. மெஹருன்னிசாதான் பேசினார்.

"அப்பிடி நடுவுல விட்டவதான் டாக்டர் எங்க அக்கா. மவுத்தாயிட்டா. மிஷின் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா இது எங்க மச்சான் வெயில்ல காஞ்சி வாங்குன மண்ணு. உங்க சுவரு பத்தலன்னா அதுக்கு என் வூடா பதில் சொல்லணும்?"

மவுத்து என்றால் மரணம்; மச்சான் என்று அவர் சொன்னது கணவரை. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் குரல் உயரவில்லை.

"வெளிப்பக்கம் தடிமன் ஏத்தலாமா?" என்று கேட்டார்.

"அது தீயணைப்பு வண்டி போற வழி சார், அத நான் உட மாட்டேன். உள்பக்கம் ஏத்த முடியுமா ஜோசப்?" என்றேன்.

ஜோசப் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். "ரூமு சுருங்கும். ஆனா ஸ்ட்ரெச்சர் திரும்புறதுக்கு இடம் இருக்கும் மேடம். அது போதும்."

கதிரியக்கத்தின்மேல் எங்களுக்கு அதிகாரம் இல்லை. கட்டடத்தின்மேல் இருந்தது. பின்மனையில் வீடு இருப்பதாகக் காட்டித் திருத்திய வரைபடம் தர வேண்டும், மும்பை அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அதுவரை அந்த அறையைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை எழுதினேன். மெஹருன்னிசாவின் வீட்டுக்கு அனுமதி கொடுக்கலாம் என்றும் எழுதினேன். துணை இயக்குநர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

உள்பக்கம் சுவரை ஏற்றி மும்பையின் ஒப்புதல் வருவதற்குள் மிஷின் தள்ளித்தான் போனது. அந்த இடைவெளியில் எத்தனை பேர் பாண்டிக்கு அலைந்தார்களோ, எத்தனை பேர் பாதியில் விட்டார்களோ. அது என்னை உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

4. மீட்டரும் கட்டிலும்

சிகிச்சை தொடங்கும் சமயத்தில் வீடும் எழும்பியிருந்தது. ஜோசப் கதிர்வீச்சை அளக்கும் மீட்டரோடு வந்தார், மெஹருன்னிசா என்னையும் கூப்பிட்டிருந்தார். இயற்கையிலேயே எங்கும் கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு என்று சொல்லி, ஜோசப் முதலில் தெருவில் நின்று அதை அளந்தார். பிறகு படுக்கையறைக்குள் சுவரோரமாக மீட்டரைப் பிடித்தார். அந்தப் பக்கம் கோபால்ட் திறந்து, கதிர் எங்களை நோக்கித்தான் இருந்தது. மீட்டர் தெருவில் காட்டியதையே காட்டியது.

"அவ்ளோதானா தம்பி?"

"அவ்ளோதான்க்கா. நிம்மதியாப் படுங்க."

மெஹருன்னிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இரண்டு மூன்று வருடம் கழித்து வேறொரு மனையைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போனவள், அவர் வீட்டிலும் எட்டிப் பார்த்தேன். படுக்கையறையில் முன்பின் தெரியாத ஒரு பெண் சுருண்டு படுத்திருந்தார். தலையில் முடி இல்லை.

"மங்கலம்பேட்டைங்க மேடம்," என்று மெஹருன்னிசா மெதுவாகச் சொன்னார். "கரண்டு வெக்க வராங்க. டெய்லி பஸ்ல வந்து போவ ஒடம்புல தெம்பு இல்ல. எங்க அக்கா மாதிரி நடுவுல வுட்டுடப் போறாங்கன்னு பயமா போச்சு. முடியிற வரைக்கும் இங்கியே இருங்கன்னுட்டேன். நாங்க முன் ரூமுல படுத்துக்கிறோம்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆபத்தான பொருளைக் கொண்டுவருகிறவர்தான் அதைத் தன் எல்லைக்குள் அடக்கிவைக்க வேண்டும். பக்கத்து மனை காலியாகவே கிடக்கும் என்று நம்பி அவர் சுவர் எழுப்பக் கூடாது, நாமும் அதற்குக் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தச் சுவரைப் பார்த்த நாளிலிருந்து எந்த இடத்தைப் பார்வையிடப் போனாலும் பக்கத்துக் காலி மனையில் மனசுக்குள் ஒரு கட்டிலைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அந்தக் கட்டிலில் மங்கலம்பேட்டைப் பெண் வந்து படுப்பார் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.