ரோஸ்டேல் மேசை

டொரொண்டோவில் எந்தப் பகுதியில் வறுமை இல்லை என்று அறிய, கிறிஸ்துநாயகத்துக்கு அரசாங்கக் கணக்கெடுப்பு தேவையில்லை. குப்பை எடுக்கும் நாளில் விடிய வெள்ளென தன் வான் வண்டியில் ஒரு சுற்று வந்தால் போதும்.

"உடைஞ்ச கதிரையை எறிஞ்சால் எங்களைப் போல ஆக்கள். உடையாததை எறிஞ்சால் காசுக்காரர். குஷனையும் சேர்த்து எறிஞ்சால், அங்க கஷ்டப்பட்டவன் ஒருத்தனும் இல்லை" என்பார்.

டோர்செட் பார்க்கில் அவர் இருந்த கட்டடத்தில் பாதி வீட்டுச் சோபாக்கள் அப்படி வந்தவைதான். ஆனால் ஆள் பொல்லாத ரோசக்காரர். எறிந்ததை எடுப்பார், தந்ததை வாங்கமாட்டார். வந்த புதிதில் யாரோ இரங்கிக் கொடுத்த குளிர்ச் சட்டையை வேண்டாமென்று, நடுங்கி நடுங்கி வீடு வந்த மனிதர்.

மகள் லக்சிகா அயர்ன் பண்ணும் பலகையில் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். ஒன்பதாம் வகுப்பு தொடங்கமுன் மேசை வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். தொண்ணூற்றாறு ஓகஸ்டில் ஒரு வியாழன், காசுக்காரர் இருக்கும் ரோஸ்டேலில் ஒரு வீட்டு வாசலோரம் மினுங்கிக்கொண்டு நின்றது ஒரு மேசை. அலாக்காகத் தூக்கி வந்துவிட்டார்.

மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்த மனைவி சந்திரவதனா நெஞ்சில் கைவைத்தாள். உள்ளே குடும்பப் படங்கள், ஒரு பாஸ்போர்ட்.

"இஞ்சாருங்கோ, உது எறிஞ்ச மேசை இல்லை. களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறியள்!"

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. உடனே திருப்பிக் கொண்டுபோனார். அறைக்குப் பெயின்ற் அடிக்க மேசையை வெளியே வைத்திருந்த வீட்டுக்காரர், கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். படங்களையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மேசை மகளுக்கு என் பரிசு என்றார்.

"கார்பேஜ் ஓகே. கிஃப்ட் நோ" என்று சொல்லி, மேசையை இறக்கிவிட்டு வந்தார் கிறிஸ்துநாயகம்.

"உங்கட ரோசத்துக்கு மேல கொப்பியை வைச்சு எழுதலாமோ அப்பா?" என்று கேட்ட லக்சிகா, பிறகு அவரோடு கதைக்கவேயில்லை. அது அவரைச் சுட்டது.

அடுத்த வியாழன் அதே வாசலில், குப்பைப் பைகளுக்கு நடுவே அதே மேசை. லாச்சியின் பிடியைக் காணவில்லை. இந்தமுறை முன்யோசனையோடு விரலைக் கொடுத்து லாச்சியைத் திறந்தார். உள்ளே ஒரு கடதாசிப் பொட்டலம் மட்டும். பிரித்தால், கழற்றிய பிடியும் இரண்டு திருகாணியும்.

அண்ணாந்து பார்த்தார். மேல் யன்னலில் வீட்டுக்காரர் எங்கோ மரத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். கிறிஸ்துநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோசமாக இருந்தது.

பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"பிடி இல்லாத மேசை. சுத்தக் கார்பேஜ்" என்று யன்னலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மேசையைத் தூக்கினார்.