கெத்தின் என்றால் கறுப்பு

கத்தாரின் ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஒரு வேல்ஸ்காரர். பெயர் கெத்தின். சேர்ந்த முதல் வாரம் என் பெயருக்கு அர்த்தம் கேட்டார். எங்கள் குலதெய்வத்தின் பெயர், கறுப்பு என்று பொருள் என வெகுளியாகச் சொன்னேன். அன்றிலிருந்து நான் 'பிளாக்கி' ஆனேன். மீட்டிங்கில் பிளாக்கி, வாக்கி டாக்கியில் பிளாக்கி, மார்க்கர் பேனாவால் என் ஹெல்மெட்டிலும் எழுதிவைத்தார். எனக்குக் கீழே வேலை பார்த்த பிட்டர்கள் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பெயரின் அர்த்தத்தைத்தானே சொல்கிறேன், இதில் என்ன தப்பு என்றார்.

இரண்டாம் முறை சொன்ன அன்று மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தேடினேன். வெல்ஷ் மொழியில் அதற்குக் கருநிறத்தவன் என்று பொருள். அவலட்சணம் என்றும் ஓர் அர்த்தம் உண்டாம். ஆதியில் அது பெயரே இல்லை. ஒரே பெயரில் இருவர் இருந்தால், நிறத்தைச் சொல்லிப் பிரித்துக்காட்டப் பின்னால் ஒட்டிய பட்டம். பிறகு குடும்பப் பெயராகி, பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகவும் ஆகியிருக்கிறது. வெயில் பட்டால் இறாலாகச் சிவக்கிற மனிதருக்கு!

பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெரிய மேனேஜர் வரும் மீட்டிங்குக்காக நான்கு நாள் காத்திருந்தேன். "பிளாக்கி, உன் ரிப்போர்ட்" என்றார் கெத்தின். எழுந்து அந்தத் தாளை நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

"இந்த அறையில் இரண்டு பிளாக்கி இருக்கிறோம் சார். யாரைக் கூப்பிட்டீர்கள்?"

பெரிய மேனேஜர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இவர் காது மடல்வரை சிவந்துபோனார்.

அத்தோடு விட்டிருக்கலாம். போர்மேனிடம் இந்தியில் அர்த்தத்தைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் சைட் முழுக்க அவர் 'காலா சாப்', கறுப்பு துரை.

மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அது என் தாத்தாவின் பெயர்" என்றார்.

"என்னுடையது என் சாமியின் பெயர்" என்றேன்.

அதன்பிறகு என் முழுப்பெயரையும் தட்டுத்தடுமாறிச் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்களிடம் நிறுத்தச் சொல்லும்படி ஒருமுறை கேட்டுக்கொண்டார். சரி என்றேன். சொல்லவில்லை.

"போதும்ணே, பாவம் அந்தாளு" என்றான் ராமநாதபுரத்துப் பிட்டர் ஒருவன்.

"கொஞ்ச நாள் போகட்டும்டா" என்றேன். கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகும்வரை அவர் காலா சாப்தான். எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.