அம்மா நீட்டிய நாக்கு

நேட்டாலில் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்ததும் அப்பா எங்களைக் கப்பலேற்றி, மாதனூர்ப் பக்கம் இருந்த தன் சேரிக்குக் கூட்டிவந்தார். அம்மா சூலு இனத்தவள், அந்த மண்ணின் கறுப்புப் பெண். தோட்டத்தில் பழகிய தமிழை எங்கள் சனம் மாதிரியே பேசுவாள். பேசி என்ன? வந்த அன்றே காப்பிரிச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர்கள் யார்? ஊர்க் கிணற்றுப் பக்கம் அண்டக்கூடாது என்று விரட்டப்பட்ட எங்கள் சொந்தக்காரர்கள்தான்.

வேற்றினத்தில் பெண் எடுத்ததால் அப்பா சாதி கெட்டவர். சேரிக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டுமானால், பஞ்சாயத்தில் தங்கக் கம்பியைக் காய்ச்சி நாக்கில் சூடு வைத்துத்தான் திரும்பச் சேர்ப்பார்கள். மூன்று பேரும் சுட்டுக்கொண்டால் மூன்று பேரும் சேர்ந்துவிடலாம் என்று அப்பா மனப்பால் குடித்தார். எங்களிடம் இருந்த தங்கம் அம்மாவின் தாலி மட்டும். அவளே கழற்றிக் கொடுத்தாள். அதை உருக்கிக் கம்பியாக நீட்டினார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. மனிதனை மனிதன் ஒதுக்குவது அநியாயம் என்று ஆம்பூரில் சங்கக் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியவர். அவர் கண்ணெதிரே முதலில் அப்பாவுக்குச் சூடு வைத்தார்கள். அடுத்து எனக்கு. நான் துள்ளாமல் தலையைப் பிடித்துக்கொண்டவள் அம்மா. பிறகு அவளும் போய் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள்.

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"சாதி கெட்டவங்களுக்குத்தான் சூடு. உனுக்கு கெட்டுப்போறதுக்கு சாதி இன்னா இருந்துச்சு?" என்றார்.

அப்பனும் பெண்ணும் இருக்கலாம், அவள் இப்போதே வெளியேற வேண்டும், சேர்ந்து வாழ்ந்தால் மூவருக்கும் தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பானது. அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லுய்யா."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். அம்மா எழுந்து ஆம்பூர் ரோட்டில் நடந்தாள். அங்கே ஒரு சாயபு தன் தோல் கிடங்கில், தோல் பதனிடும் மரப்பட்டையைக் குவித்துவைக்கும் கொட்டகையில் படுக்க இடம் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் அவள் அங்கேயே செத்துப்போயிருந்தாள்.

நாக்கு வெந்ததால்தான் அன்று பேச முடியவில்லை என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். என் நாக்கும்தான் வெந்திருந்தது. அவள் போன பாதையெல்லாம் கேட்கும்படி நான் அம்மா, அம்மா என்று கத்தினேன். அவரை நான் மன்னிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, சூடு ஜாஸ்தி என்று அவளிடம் தெளிவாகச் சொன்னார்.